டைப் பண்ணாத அப்பா

மாடிவீட்டு அத்தை மூன்றாவது பிஸ்கட்டை நீட்டியபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஒன்று கொடுக்கவே யோசிக்கிற கை அது. பள்ளிக்கூட நாளில் டிவி பார்க்கச் சொல்கிறாள். சொல்லிவிட்டு ஜன்னல் திரையையும் இழுத்துவிடுகிறாள். கீழே தன் வீட்டில் ஏன் இத்தனை நாற்காலிச் சத்தம் என்று கேட்டால், பெயிண்ட் அடிக்கிறார்களாம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நேற்று மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். இன்று காலை அத்தையின் போனுக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி: ‘அன்பு மகளே, வெளியூரில் முக்கியப் பணியில் உள்ளேன். நன்றாகப் படிக்கவும்.’ கூடவே ஒரு ரோஜாப்பூ.

பன்னிரண்டு வருஷத்தில் அப்பா அவளை ‘அன்பு மகளே’ என்று அழைத்ததில்லை, ‘வாலு’தான். அதுகூடப் போகட்டும். அப்பா டைப் பண்ணவே மாட்டார். கை நிறைய கிரீஸ். மூக்கு நுனியால் பட்டனை அழுத்திக் குரலில்தான் அனுப்புவார். பின்னணியில் ஏதாவது ஒரு லிஃப்ட் முனகிக்கொண்டிருக்கும்.

அத்தை சமையலறைக்குள் போனதும் அந்த நம்பருக்கு அடித்தாள். வெளியூரில் அடிக்க வேண்டிய மணி கீழ்வீட்டில் அடித்தது.

படிகளில் இறங்கி ஓடினாள்.

கூடம் நிறைய ஆட்கள். நடுவே பெரியப்பா நின்றிருந்தார். குழந்தை மனநல முகாமில் இரண்டு நாள் உட்கார்ந்து, மூன்று வேளையும் சாப்பிட்டு, வாங்கிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியவர். “எடுத்த எடுப்புல சொல்லிடக் கூடாது. படிப்படியா, ஒரு பதினஞ்சு நாள்ல...” என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப்பையில் அப்பாவின் போன் விடாமல் அடித்தது. பேச்சை நிறுத்தாமலே எல்லாப் பைகளையும் தடவினார்.

“பெரியப்பா, நீங்கதானே டைப் பண்ணீங்க?”

பெரியப்பா முதல் படியைத் தேடினார். கிடைக்கவில்லை.

சுவரோரக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள். “இங்க வா. அப்பா செத்துப்போயிட்டாரு. நேத்து சாயங்காலமே. நான் சொல்லியிருக்கணும். இவங்க பேச்சக் கேட்டுட்டேன்.” சொல்லிவிட்டு நகர்ந்து இடம் விட்டாள்.

அவள் அருகில் போய்ப் பார்த்தாள். காலையிலிருந்து ஒவ்வொருவராக ஏமாற்றியிருக்கிறார்கள். இதை மட்டும் எப்படி நம்புவது? சலவைச் சட்டை, படிய வாரிய தலை. கைகளோ சோப்புப் போட்டுத் தேய்த்து, யாரோ ஆபீசர் கை மாதிரி வெளுத்திருந்தன. கல்யாணப் போட்டோவில்கூட அப்பாவுக்கு இவ்வளவு சுத்தமான கை கிடையாது.

குனிந்து ஒவ்வொரு விரலாகச் சோதித்தாள். யாரும் தடுக்கவில்லை. வலது பெருவிரல் நகத்தின் ஓரத்தில், மயிரிழை கனத்தில், ஒரு கறுப்புக் கோடு இருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடடா, இத விட்டுட்டோமே” என்று சித்தி ஈரத்துணியோடு குனிந்தாள்.

அவள் அந்த விரலைத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.