கைதட்டிக் கொடுத்த குழாய்

1946-இல் ராயப்பேட்டையில் ஒரு தெருவே தன் ஒரே தண்ணீர்க் குழாயைக் கைதட்டித் தானம் கொடுத்தது. கொடுக்க வைத்தது என் நாக்கு. சிரிக்காதீர்கள்.

எங்கள் கவுன்சிலர் அடுத்த தெருவில் புது வீடு கட்டினார். குழாயைத் தன் காம்பவுண்டுக்குள் மாற்றிக்கொள்ள அவருக்குத் தெருக்காரர்களின் சம்மதம் தேவைப்பட்டது. கூட்டம் போட்டார், பேச மேடைப் பேச்சாளனான என்னைக் கூப்பிட்டார்.

மேடைக்கருகே ஜைதூன் பீ மறித்தாள். துணிக்குச் சாயம் போட்டு நான்கு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள்.

"இன்னா நைனா, பேசியே தண்ணிய புடுங்கிடுவியா? எவன் கை தூக்குறான்னு நானும் பாக்குறேன்!"

நான் குழாயின் பெயரையே எடுக்கவில்லை.

"சுதந்திர தேவி ஏழு கடல் நீந்தி, நா வறண்டு நம் தெருவுக்கு வருகிறாள். அவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் தர மறுக்கும் கல்நெஞ்சர் இங்கே உண்டா?"

கூட்டம் அழுத அழுகையில் முன்வரிசையில் விரித்திருந்த பாய்கள் மிதந்தன. "தாகம் தீர்ப்போர் கை தூக்குங்கள்!" என்றேன். தூக்காத கை இல்லை; தூக்கிய கைகள் அப்படியே தட்டவும் செய்தன. குழாயை மாற்றத் தெருவே ஏகமனதாகச் சம்மதித்ததென்று கவுன்சிலர் எழுதிக்கொண்டார்.

மறுவாரமே குழாயைப் பிடுங்கிப் போனார்கள். ஜைதூன் பீயின் சாயத்தொட்டி காய்ந்தது. அவள் காலிக் குடத்தோடு கவுன்சிலரின் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"பேச்சு தண்ணியப் புடுங்கும்னு இப்ப நம்புறியா, பீபீ?"

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"நடந்துச்சு நைனா. எல்லாரும் ஒரு கைதான் தூக்குனாங்க. நான் ரெண்டு கையும் தூக்குனேன்."