இன்னும் சரிவரவில்லை

இந்த ஞாயிறும் அந்தச் சனியன் பிடித்த சுவிச்சோடுதான் விடிந்தது. மகள் கேசிகா கையில் வைத்து விளையாடுகிற கேம். பவர் சுவிச்சைத் தள்ளித் தள்ளியே உடைத்து, இங்கேயே போட்டுவிட்டு, தாயோடு லண்டனுக்குப் போய்விட்டாள். இத்தாலிப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பலெர்மோவில் எங்கள் சனம் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பிள்ளை இங்கிலீசில் படிக்க வேண்டும், அதனால் மனுசி குகனேஸ்வரி கூடப் போனாள். மொண்டெல்லோ கடற்கரை ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவ நான் மட்டும் மிச்சம். வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் சிநேகிதன் ஸ்ரனிஸ்லாசோடு ஒரு அறை எடுத்துக்கொண்டேன்.

போன புதிதில் பிள்ளையோடு கதைக்கவே முடியாது. சாப்பிட்டனியே? ஓம். பள்ளிக்கூடம் எப்படி? ஓம். பிறகு போன் தாயிடம் போய்விடும். ஒருநாள் பேச்சுக்கு, "உன்ரை கேமைத் திருத்துறன்" என்றேன். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அவளாகவே எடுக்கிறாள். எதைக் கழற்றினீர்கள், எது உடைந்தது என்று கேள்விமேல் கேள்வி. எனக்குத் திருத்தத் தெரிந்தா சொன்னேன்? முதல் தரம் சுப்பர் குளூவை ஊற்றி, சுவிச் அசையாமலே ஒட்டிவிட்டது. "கே கசீனோ, அப்பா! எல்லாத்தையும் குழப்பிப்போட்டீங்கள்!" என்று அவள் சிரித்த சிரிப்பு! அந்தக் கிழமை முழுக்க எனக்குக் கோப்பைப் பாரமே தெரியவில்லை.

இன்று, ஒட்டிய குளூவைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஊருக்குக் கதைக்க வாங்கிய பழைய போன் கார்ட்டில் ஒரு துண்டு வெட்டி, சுவிச்சின் உடைந்த பல்லுக்குப் பதிலாக வைத்தேன். தள்ளினேன். பச்சை லைட்! படம் வந்தது, பாட்டும் வந்தது.

"அட, திருத்திப்போட்டாய் விக்னா! பிள்ளைக்குச் சொல்லு," என்றான் ஸ்ரனிஸ்லாஸ், பூசைக்குப் போகிற சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டே.

நான் துள்ளியிருக்க வேண்டும். ஆனால் கேமைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு அவள் எதைக் கேட்பாள்? திரும்பவும் ஓம், ஓம்தான்.

போன் அடித்தது. பதற்றத்தில் கேமை நிறுத்தாமல் அப்படியே தலையணைக்குக் கீழே தள்ளினேன்.

"அப்பா, சரிவந்திட்டுதே?"

"இல்லை, குஞ்சு. இன்னும் அந்தப் பல்லுத்தான் பிடிக்குதில்லை."

தலையணைக்குக் கீழே அவளுடைய கார் ரேஸின் பாட்டு போய்க்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியாத பாட்டா? எனக்கு முகமெல்லாம் சுட்டது.

"பரவாயில்லை அப்பா," என்றாள் கடைசியில். "அவசரப்படாதேங்கோ. அடுத்த கிழமையும் எடுக்கிறன்."

போனை அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பாட்டு முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.