கழுத்துக்குக் கீழே ஒரு பாட்டு

என் தங்கை பாடுகிற பங்க் இசைக்குழுவின் வீடியோவைத்தான் ஊடகவியல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். வீட்டுச் சரக்கையே கடை விரிக்கிறாயா என்று வகுப்பில் கேலி செய்தார்கள். நல்ல சரக்கு, விரிக்கிறேன் என்றேன்.

மூன்று பெண்கள் ஒரு கார் ஷெட்டில் தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு அது. கிழிந்த ஜீன்ஸ், கிடார், மைக்கைப் பிடித்த கை எல்லாம் தெரியும். முகம் மட்டும் தெரியாது. அது அம்மா போட்ட நிபந்தனை. நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒற்றைக் காலில் நின்றார். இந்த ஒரு வீடியோதான், இதோடு பாட்டுக்கு முழுக்கு என்றும் சொல்லிவிட்டார். தங்கை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தும் மசியவில்லை. யார்மேலும் நம்பிக்கை இல்லாமல் கேமராவையும் அவரே பிடித்தார். அம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். டாக்டர் மணிக்கட்டு கேட்டால் மணிக்கட்டு மட்டும்தான் படத்தில் விழும்.

ஆனால் பாட்டின் கடைசியில் கேமரா சட்டென்று மேலே போகிறது. கண்ணை மூடிப் பாடுகிற தங்கையின் முகம் ஒரு கணம் தெரிகிறது. குழு அதை வெட்டாமல் விட்டுவிட்டது. அம்மாவும் வாய் திறக்கவில்லை. கவனிக்கவில்லை போலும் என்று நாங்கள் கிளறவில்லை.

பார்க்கிறவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது, இந்தக் கேமரா ஒரு காவலாளியின் கண் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அந்த ஒரு கணத்தை மட்டும் கை நடுக்கம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். அம்மா வேலை முடிந்து சீருடையோடு வந்து, கடைசி வரிசையில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் வாதத்தைப் பாராட்டிவிட்டு, நேராக அந்த வரிக்கு வந்தார்.

"பாட்டோட உச்சமே அங்கதான் இருக்கு. அதைப் போய் கை நடுக்கம்னு ஒதுக்கிட்டீங்களே, ஏன்?"

நான் ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டினேன். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து நின்றிருந்தார்.

"என் கை நடுங்காதுங்க. நான்தான் தூக்கினேன். இவ்வளவு நல்லா பாடறாளே, யார் பெத்த பொண்ணுன்னு நாலு பேர் பார்க்கட்டும்னு தோணிச்சு."

தங்கை தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதச் சொன்னார் தேர்வாளர். திருத்தச் சொன்னதற்கு இவ்வளவு பெருமைப்பட்டவள் அந்தத் துறையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த வீடியோ எடுக்கலாமா என்று தாழ்வாரத்தில் தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள். அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"எடுக்கலாம். ஆனா அந்த ஷெட்டுல வெளிச்சம் பத்தாது. முகம் தெளிவா விழணும்."