ஆணியில் தொங்கிய அட்டை

குளிர் அறையின் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி இருந்தது. ஆணியில் ஒரு நாடா, நாடாவின் நுனியில் கதவக்காவின் அட்டை.

வெளிநாட்டுக்கு இறைச்சி அனுப்புகிற அந்தக் கம்பெனியில் கதவு வேலை பார்க்கிற எல்லாருக்குமே அட்டை உண்டு. போட்டோ ஒட்டி, நம்பர் போட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தக் குளிரில் ஒருவனுடைய அட்டை விரிசல் விட்டது, இன்னொருத்தியுடையதைக் கதவோரத்து மெஷின் ஏறெடுத்தும் பார்க்காது. மூன்று சட்டைக்கு மேல் கோட்டு, கையில் கரடிப் பாதம் மாதிரி உறை. இந்தக் கோலத்தில் கழுத்துக்குள் கைவிட்டு அட்டையைத் துழாவி எடுப்பதற்குள் பின்னால் வண்டிகள் வரிசை கட்டிவிடும். எந்த நேரத்தில் காட்டினாலும் மறுபேச்சில்லாமல் பச்சை விளக்கு எரிந்தது கதவக்காவின் அட்டைக்கு மட்டும்தான். அதனால் அது கழுத்தை விட்டு ஆணிக்கு வந்துவிட்டது. வருகிறவர்கள் அதை மெஷினில் காட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். இது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் ஒரே சோப்பை எல்லாரும் போட்டுக் குளிப்பதில்லையா, அந்த மாதிரி.

வேலை பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. பெட்டிகளை அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, ஒவ்வோர் அடுக்குக்கும் கறுப்புக் கோடு போட்ட ஒரு லேபிள் ஒட்டி அனுப்புவார்கள். குளிர் அறைக்குள் போகும்போது அந்தக் கோட்டில் ஸ்கேனரைப் பிடிக்க வேண்டும். நன்றாக உறைந்து கண்டெய்னருக்குப் போகும்போது இன்னொரு தடவை. பிடித்த நொடியில் வாங்குகிற நாட்டுக்குச் செய்தி போய்விடும்: எந்தத் தொழுவத்து மாடு, என்றைக்கு வெட்டியது, எத்தனை நாள் உறைந்தது, கதவில் நின்று பார்த்தது எந்த நம்பர் ஆள் என்று. பெட்டி கப்பல் ஏறுவதற்குள் அதன் ஜாதகம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

ஒரே ஒரு தொல்லை. பனி பிடித்த பிளாஸ்டிக்கில் பசை நிற்காது. லேபிள் உரிந்து கீழே விழும். விழுந்ததை எடுத்து, எதிலிருந்து விழுந்தது என்று பார்த்து, திரும்ப ஒட்ட வேண்டும். கதவக்கா விழும்போதே பார்த்துவிடுவாள். கம்பெனிக்குக் கதவு வைத்த நாளிலிருந்து அங்கே நிற்பவள். பேரே அப்படி வந்ததுதான்.

போன வருஷக் கடைசியில் மானேஜர் எல்லாரையும் சாப்பாட்டு அறையில் கூட்டினார். கம்ப்யூட்டர் கணக்குப்படி அதிகப் பெட்டிகளைப் பார்த்தவர் யார் என்று பார்த்தார்களாம். கதவக்காதான் முதல். இரண்டாவது ஆள் அவளில் கால்வாசிகூட வரவில்லை. ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து, "எப்படிம்மா இவ்வளவும் ஒரு ஆளா பாத்தீங்க?" என்று கேட்டார் மானேஜர்.

கதவக்கா கூட்டத்தைப் பார்த்தாள். ஒவ்வொருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ரேடியோ என்று பேர் வாங்கிய லேபிள்காரி, "அக்காவுக்கு ஷிப்ட் ஆரம்பிச்சா ரெண்டு கை சேத்து மொளைக்கும் சார்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மானேஜரும் சிரித்தார். கதவக்காவும் சிரித்து, "எல்லாம் பழக்கந்தான் சார்" என்று சொல்லிக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டாள். ஒருத்தர் மனசாரப் பரிசு கொடுக்கும்போது நடுவில் கையை நீட்டி, கொஞ்சம் இருங்க, கணக்கு அப்படி இல்லை என்று யார் சொல்வார்கள்? கடிகாரம் வீட்டில் டிவிக்கு மேலே ஏறியது. மகள் அதைத் துடைக்காத நாள் இல்லை.

இப்போது மானேஜர் பளபளக்கிற ஆபீஸ் செருப்போடு ஈரத் தரையில் இறங்கி வந்து, யாரிடமும் பேசாமல், அந்த ஆணியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கதவக்கா ஸ்கேனரைப் பிடித்தபடியே அவர் போன திசையைப் பார்த்தாள்.

ரேடியோ எங்கோ போய்ச் சேதி பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அந்த நாட்டுலேருந்து செவப்பு மெசேஜ் வந்திருக்காம், சரக்கு சரியில்லன்னு. கண்டெய்னரத் தொறந்து பாத்திருக்கானுங்க. ஒரு அடுக்கு மட்டும் மேல கல்லு, உள்ள களி. லேபிள் படி பாத்தா நல்லா ஒறைஞ்ச சரக்காம். பெட்டிக்குள்ள இருக்குறது அன்னைக்குத்தான் உள்ள போன பச்சச் சரக்கு. லேபிள் மாறிப் போச்சு."

"ஒரு அடுக்குதானே?"

"ஒரு அடுக்குதான். ஆனா பின்னால போன நம்ம கண்டெய்னர் மொத்தத்தையும் நிறுத்தி வெச்சுட்டானுங்க. யாரு பாத்தது, என்ன நடவடிக்கைன்னு பதில் போற வரைக்கும் ஒரு பெட்டி நகராதாம்."

"யாரு நம்பராம்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ரேடியோ நிலையம் கிடைக்காமல் கரகரத்தது. "உங்களோடதுதாங்க்கா."

கதவக்கா ஸ்கேனரைக் கீழே வைத்தாள். "என்னைக்கு ஏத்துனது?"

"அதான் அக்கா நல்ல சேதி. அன்னைக்கு நீங்க லீவு. உங்க பொண்ணுக்குக் கொழந்தை பொறந்த நாளு. லீவுல இருக்குற ஆளு எப்படிப் பாத்திருப்பாங்க? ஆபீஸ்ல போயி அதையே அடிச்சுச் சொல்லுங்க."

அப்பாடா என்றிருந்தது கதவக்காவுக்கு. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது, நர்ஸ் வந்து பெண் குழந்தை என்றது, எல்லாம் அவளுக்கு அச்சடித்த மாதிரி நினைவிருந்தது. அன்றைக்கு அவள் இந்தக் கதவுப் பக்கமே வரவில்லை. அந்த நிம்மதி ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. அவளுக்குப் பதிலாக அன்றைக்குக் கதவில் நின்றது யார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவளுடைய மாப்பிள்ளை.

கம்பெனியில் தூக்கு வண்டி ஓட்டுகிறவன். கதவக்கா சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். மாமியாரும் மருமகனும் ஒரே ஷிப்ட்டில் இருந்தாலும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. வீட்டில் மகள் நடுவில் நிற்பாள், இங்கே ரேடியோ. "அவர கொஞ்சம் கதவ சாத்தச் சொல்லும்மா, குளிரு பூரா வெளிய போகுது" என்பாள் கதவக்கா, அவன் எதிரிலேயே நிற்கும்போது. "அத்தைகிட்ட சொல்லுங்க, வண்டி இன்னும் உள்ள வரலன்னு" என்பான் அவன். குளிரில் வாயிலிருந்து புகை புகையாக வரும். இரண்டு ரயில் இஞ்சின் நடுவில நான் கொடி ஆட்டிக்கிட்டு நிக்கிறேன் என்று ரேடியோ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பிள்ளை பிறந்த அன்றைக்கு ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேருக்கு லீவு தர மாட்டோம் என்றுவிட்டார்கள். பொம்பளைத் துணை வேண்டும் என்று கதவக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் கதவில் நின்றான்.

டீ நேரத்தில் எல்லாரும் வெளியே போனதும் மாப்பிள்ளை வந்தான். ரேடியோவைத் தேடவில்லை. கதவக்காவுக்குப் பக்கத்தில் வந்து, அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து நின்றான்.

"அன்னைக்கு ஒரு லேபிள் கீழ கெடந்துச்சு" என்றான் சுவரிடம்.

"ஒண்ணுதானா?" என்று கதவக்காவும் சுவரையே கேட்டாள்.

அவன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். குளிர் அறையின் மோட்டார் உறுமியது.

"ரெண்டு."

"எதுலேருந்து விழுந்துச்சுன்னு..."

"பாத்துட்டுத்தான் இருந்தேன் அத்தை. அப்பத்தான் போன் வந்துச்சு. நீங்கதான் பண்ணுனீங்க. பொண்ணு பொறந்திருக்குன்னு." அவன் கையுறையைக் கழற்றி, திரும்ப மாட்டினான். "எது எதுல ஒட்டுனேன்னே ஞாபகம் இல்ல. சிரிச்சுக்கிட்டே ஒட்டுனேன்."

அந்தப் போனைப் பண்ணியது தான்தான் என்பது கதவக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பண்ணியிருக்கலாம். டீ நேரத்தில் பண்ணியிருக்கலாம். ஆனால் அந்த மாதிரி ஒரு சேதியைக் கையில் வைத்துக்கொண்டு யார் பொறுப்பார்கள்?

"நான் போயி சொல்லிடட்டுமா?" என்றான்.

"மூணு மாசக் கொழந்தைய வெச்சுக்கிட்டு என்ன சொல்லப் போறீங்க? நான் லீவுல இருந்தேன். அத மட்டும் சொல்றேன். நீங்க வாயத் தொறக்காதீங்க."

ஆபீஸ் அறையில் குளிர் கிடையாது. அந்தச் சூடு பழக்கமில்லாமல் அவளுக்கு வியர்த்தது. மானேஜர் மேசைக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் திரைக்கு முன்னால் மெசேஜ் தம்பி, போகிற வருகிற செய்திகளைப் பார்ப்பதே வேலையாக உள்ளவன். நல்ல பையன். பார்த்த இடத்தில் அக்கா என்பான்.

"சார், அன்னைக்கு நான் லீவு" என்றாள் கதவக்கா. வழி நெடுக மனப்பாடம் பண்ணி வந்தது அது ஒன்றுதான்.

"தெரியும். பாத்துட்டோம்" என்றார் மானேஜர். "நீங்க லீவு. உங்க அட்டை லீவு இல்ல. பொழுதன்னைக்கும் வேலை பாத்திருக்கு. அப்ப யாரு கையில குடுத்தீங்க?"

"யாரு கையிலயும் குடுக்கல சார். ஆணியில தொங்கும். எல்லாரும் எடுப்பாங்க."

"எல்லாருமா? என்னைக்கும் அப்படித்தானா?"

"ஆமா சார்."

"அப்ப கடிகாரம் வாங்கும்போது எல்லாம் பழக்கந்தான்னு சொன்னீங்களே, அது எந்தப் பழக்கம்?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அழவாவது செய்திருக்கலாம். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார். வேண்டுமானால் கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று சொல்ல நினைத்தாள் கதவக்கா. அது இன்னும் அசிங்கமாக இருக்கும் என்று பட்டது.

மெசேஜ் தம்பி நாற்காலியோடு திரும்பினான். "அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. பதில் அனுப்புற பக்கத்துல ஒரு கட்டம் இருக்கு. பொறுப்பான ஆள் யாருன்னு. அதுல உங்க நம்பர் தானாவே வந்து உக்காந்திருக்கு. அத எடுக்கணும்னா வேற ஒரு நம்பர் போடணும். அன்னைக்குக் கதவுல நின்னது யாருன்னு சொல்லுங்க, மாத்திடுறேன்."

"எல்லாரும்னு போட முடியாதா தம்பி?"

அவன் போட்டுப் பார்த்தான். திரை சிவந்தது. அந்த ஷிப்ட்டில் இருந்தவர்களின் நம்பரையெல்லாம் வரிசையாக அடித்துப் பார்த்தான். முதல் நம்பரோடு நிறுத்திக்கொண்டு மீதியைத் துப்பிவிட்டது. கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பிப் பார்த்தான். அவளுடைய நம்பர் திரும்ப வந்து உட்கார்ந்தது.

"நம்ம பண்ணுன பக்கம் இல்லக்கா இது. அவங்க அனுப்புனது. ஒரு ஆளத்தான் ஏத்துக்குது" என்றான், ஏதோ தன் வீட்டில் சோறு பத்தாமல் போன மாதிரி கூச்சத்தோடு.

"டூட்டிப் பட்டியல்ல யாரு இருந்தா?" என்றார் மானேஜர்.

"கதவுக்குப் பதில் ஆள் போடவே இல்ல சார். எப்பவும் இவங்கதானேன்னு விட்டுட்டாங்க."

"அப்ப இவங்கதான் சொல்லணும்."

மானேஜர் போன் அடித்தது. துறைமுகத்திலிருந்து. அவர் ஆமா ஆமா என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்தார். அவர் முகமும் நன்றாக இல்லை. "எனக்கு உங்கமேல ஒரு கோவமும் இல்லம்மா. பதில் போகலைன்னா இங்க மொத்தப் பேருக்கும் வேலை இருக்காது. ஒரு பேரச் சொல்லுங்க. இல்லேன்னா அது இருக்குறபடியே போகும்."

அறைக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதற்கு வெளியே மாப்பிள்ளையின் தோளும் பாதித் தொப்பியும் தெரிந்தன. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அவள் ஒரு பேரைச் சொன்னால் அந்தத் தோள் வீட்டுக்குப் போகும். சொல்லாவிட்டால் இவள் போக வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் தொட்டிலுக்குப் பக்கத்தில்தான் போய் உட்கார வேண்டும். வேறு யாராவது ஒருவருடைய நம்பரைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்கே காது சுட்டது.

எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். லேபிள் விழுவதைப் பற்றி, பசையைப் பற்றி, விரிசல் விடுகிற அட்டைகளைப் பற்றி. நாக்கு நுனி வரைக்கும் எல்லாம் வந்தது. எதற்கும் அங்கே கட்டம் இல்லை.

அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. மெசேஜ் தம்பி மானேஜரைப் பார்த்தான். மானேஜர் ஜன்னலைப் பார்த்தார். தம்பி ஒரே ஒரு பட்டனை, முட்டை ஓட்டைத் தொடுகிற மாதிரி மெல்லத் தொட்டான்.

"போயிடுச்சுக்கா" என்றான்.

கொஞ்ச நேரத்திலேயே பதில் வந்தது. பச்சை. ஏற்றுக்கொண்டார்களாம். கண்டெய்னர்களை விடுகிறார்களாம். பொறுப்பான ஆளின் நம்பரை நிறுத்திவிட்டார்களாம். மானேஜர் பெருமூச்சு விட்டு, கோட்டையும் பூட்ஸையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார். "வர வேண்டியது எல்லாம் வீடு தேடி வரும்மா" என்று எழுந்து நின்றே சொன்னார். கடிகாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஸ்டோருக்குக் குளிர் அறைக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே வண்டிகள் வாசல் வரைக்கும் நின்றுகொண்டிருந்தன. ரேடியோ ஆணியில் தொங்கிய அட்டையை மெஷினில் காட்டுகிறாள், சிவப்பு. துடைத்துக் காட்டுகிறாள், சிவப்பு. தன் அட்டையைக் காட்டினாள், மெஷினுக்குக் கண் தெரியவில்லை. இன்னொருவன் விரிசல் அட்டையை ஊதி ஊதிக் காட்டினான்.

"அட்டைக்கு என்னக்கா ஆச்சு?" என்றாள் ரேடியோ. கதவக்காவின் கையில் மடித்து வைத்திருந்த கோட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். யாரோ, "சரக்கு உருகுதுடி, ஏதாவது ஒண்ணக் காட்டு" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கி வந்தான். கண்கள் சிவந்திருந்தன. கோட்டுக்குள் கைவிட்டுத் தன் அட்டையை எடுத்தான். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்தது, இன்னும் மேலே ஒட்டிய தாள்கூடக் கிழியாதது. மெஷினில் காட்டினான். பச்சை. முதல் காட்டலிலேயே பச்சை.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. ஒருவர் கை நீட்டி அதை வாங்கினார், காட்டினார், பச்சை. அடுத்தவரும் கை நீட்டினார்.

ரேடியோ அதை வாங்கி நாடாவில் கோத்தாள். கதவக்காவின் அட்டையைக் கழற்றி அவள் கோட்டின் மேல் வைத்துவிட்டு, அந்த நாடாவை ஆணிக்குக் கொண்டுபோனாள்.

"மாப்ள" என்றாள் கதவக்கா. அத்தனை பேர் எதிரில் அவள் அவனை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அத அங்க மாட்ட விடாதீங்க. கழுத்துலயே போட்டுக்குங்க."

அவன் அவளைப் பார்த்தான். வாசல் வரை நிற்கிற வண்டிகளைப் பார்த்தான். பெட்டிகளின் மேல் பனி கரைந்து பிளாஸ்டிக்கில் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

"வேற யாரோடதும் எடுக்க மாட்டேங்குது அத்தை" என்றான்.

அவன் ஏறி வண்டியைக் கிளப்பினான். பின்னால் ஈரப் பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு லேபிள் உரிந்து, தரையில் கோடு மேல்புறமாக விழுந்தது. கதவக்கா பார்த்தாள். பழக்கத்தில் குனிந்தாள். எடுத்து, எந்த அடுக்கு என்று பார்த்து ஒட்டினாள். அப்புறம் கோட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் பக்கம் நடந்தாள்.