வாடிக்கை விருந்தினர்கள்

ஐம்பத்திரண்டு வயதிலும் அவர் சின்னவர்தான். குழாய்த் தொழிற்சாலை முதலாளியான அப்பா, பெரியவர், உயிரோடு இருந்தவரை அந்தப் பெயர் மாற வழியில்லை. பெரியவர் போன பிறகும் அதை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை.

"வெறுங்கையோடு தொடங்கினேன்" என்று சின்னவர் பத்திரிகைப் பேட்டிகளில் சொல்வார். வெளிநாட்டுப் படிப்பு முடிந்து விமானத்தைவிட்டு இறங்கியபோது பெட்டிகளை டிரைவர் வாங்கிக்கொண்டதால் கை வெறுமையாக இருந்தது உண்மைதான். அப்பா கொடுத்த நான்கு கட்டடங்களை விற்று ஆறு வாங்கினார். ஆறில் ஐந்தைக் கோட்டைவிட்டார். மிஞ்சியதை எண்பது அறை ஹோட்டலாக்கி, விசிட்டிங் கார்டில் "விருந்தோம்பல் சிந்தனையாளர்" என்று போட்டுக்கொண்டார்.

திறப்பு விழா அன்று பெரியவர் நேராக ஓர் அறையின் குளியலறைக்குள் போனார். குழாயைத் திறந்தார். "தண்ணி வருது" என்றார். வீட்டுக்குப் போய்விட்டார்.

மகனுக்கு வேண்டியிருந்தது வேறு வார்த்தை. "பரவாயில்லையே" என்று ஒருதரம் அப்பா வாயிலிருந்து வந்தால் போதும். அது வராமல் அப்பா வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று ரோஷம் வேறு. அந்த ரோஷத்திலேயே பதினொரு வருடம் ஓடியது. கடைசியில் பெரியவரின் மாரடைப்பு முந்திக்கொண்டது.

ஹோட்டல் மட்டும் குறைவில்லாமல் நடந்தது. எவ்வளவு மந்தமான மாதத்திலும் முப்பது அறைகளில் ஆள் இருக்கும். "என் வாடிக்கை விருந்தினர்கள்! ஒருமுறை தங்கியவர்கள் என்னை விடுவதில்லை" என்று மேடைக்கு மேடை முழங்குவார். பெரியவர் போன அடுத்த மாதம் அந்த முப்பதும் ஒரே நாளில் காலியாயின. சின்னவர் முதன்முறையாக முன்பதிவுப் பட்டியலை வாங்கிப் படித்தார். முப்பதும் குழாய்க் கம்பெனி ஆட்கள். மானேஜருக்கு இது முன்பே தெரியும், கேட்டால்தானே சொல்வார்.

தொழிற்சாலையை இப்போது அக்கா பார்த்துக்கொள்கிறாள். அவள் அறைக்குள் சின்னவர் கதவைத் தட்டாமல் நுழைந்தார்.

"உன் ஆளுங்கள்லாம் எந்த ஹோட்டலுக்கு மாறிட்டாங்க? எவ்வளவு தள்ளுபடி குடுத்தான் அவன்?"

"அவங்கவங்க வீட்டுக்கு மாறிட்டாங்கடா."

"ஜோக் அடிக்காதக்கா."

"நான் எங்க அடிக்கிறேன்? உள்ளூர்ல வீடு வாசல் இருக்கிறவங்கள வாரத்துக்கு ரெண்டு நாள் உன் ஹோட்டல்ல கொண்டுபோய்ப் படுக்க வச்சாரு அப்பா. கேட்டா டூட்டின்னாரு. ஒருத்தர் பொண்டாட்டி இங்கயே சண்டைக்கு வந்துட்டா. நாலு தெரு தள்ளி இருக்கிற மனுஷனுக்கு ஹோட்டல் ரூம் எதுக்கு, அங்க யார் இருக்கான்னு."

சின்னவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "எத்தனை வருஷமா?"

"நீ திறந்த மறுவாரத்துல இருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னாரு. நிமிர்ந்து நடக்கிறான், நடந்துட்டுப் போகட்டும்னாரு."

சின்னவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "வேற எதாவது? ஹோட்டலைப் பத்தி... நல்லா இருக்கு, பரவாயில்லன்னு?"

அக்கா போனில் யாரையோ வரச் சொன்னாள். நரைத்த மீசையும் கக்கத்தில் பையுமாக ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து நின்றார்.

"இவர்தான் அந்த நாலு தெரு. இவர்கிட்டயே கேளு."

"தங்கிட்டு வந்தா மறுநாள் பெரியவர் கூப்பிடுவாருங்க" என்றார் அவர். "ஒரே ஒரு கேள்விதான்."

"ரூம் எப்படின்னா?"

"இல்லீங்க. 'சின்னவனப் பாத்தியா, எப்படி இருக்கான்?'னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

அவர் பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். "நல்லா இருக்காரு, சிரிச்சுப் பேசினாருன்னு சொல்வேங்க. அப்புறம்தான் டீ டம்ளரைக் கையில எடுப்பாரு." தயங்கினார். "மன்னிச்சுக்கணும். உங்கள நேர்ல இன்னைக்குத்தான் பாக்கிறேன். நீங்க ஹோட்டல் பக்கம் வர்றதே இல்லீங்களே."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சின்னவர் எழுந்தார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு பிரதிநிதி முன்னால் போய் நின்றார்.

"இப்பப் பாக்கிறீங்கல்ல? சொல்லுங்க, எப்படி இருக்கேன்?"

பிரதிநிதி பழக்கதோஷத்தில் கேட்டார்:

"யார்கிட்டங்க போய்ச் சொல்லணும்?"