எங்களுது இல்ல

கலியம்மாளுக்கு வாய் கொஞ்சம் முந்தும். காட்டேரிக்குப்பத்துக்கு மேற்கே செம்மண் மேட்டில் குடிசை போட்டிருந்த பதினோரு இருளர் குடும்பத்துக்கும், வெளியாள் வந்தால் பேசி அனுப்புகிறவள் அவள்தான். அவள் புருஷன் செல்லக்கண்ணு நல்லபாம்பைக் கையால் பிடிப்பான். சட்டை போட்டவனைக் கண்டால் புதருக்குள் போய்விடுவான். மற்ற ஆண்களும் அப்படித்தான்.

மேடு என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சூரைமுள், களாச்செடி, கரையான் புற்று, கோடையிலும் வற்றாத ஓர் ஊற்றுக்குழி. வேப்பமரத்தடியில் ஏழு கல், அவைதாம் கன்னிமார். அதற்குப் பின்னால் செத்தவர்களைப் புதைத்த இடம். கலியம்மாளின் தலைப்பிள்ளையும் அங்கேதான் கிடந்தாள்.

அறுப்பு முடிந்த வயலில் எலி வளை தோண்டி நெல் எடுத்தாலும் சரி, மரப்பொந்தில் தேன் எடுத்தாலும் சரி, முதல் கைப்பிடி கன்னிக்கு. கல்லின் முன்னால் வைத்து, "ஒன்னுது தாயி, எங்களுது இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். எங்களுது என்று சொல்லிவிட்டால் கன்னி கோபித்துக்கொண்டு மேட்டை விட்டே போய்விடுவாள். பால் மறக்காத பிள்ளைக்கும் அங்கே இது தெரியும்.

முப்பத்தொன்றாம் வருஷம், தை மாசம், நிலம் அளக்க வந்தார்கள். குடைக்குள் ஒரு வெள்ளைக்காரத் துரை, சங்கிலி இழுக்க இரண்டு ஆள், எழுதுவதற்கு மரியதாஸ் என்று ஒரு குமாஸ்தா. எல்லோரும் வளை தோண்டப் போயிருந்தார்கள். காலில் முள் ஏறி வீங்கியதால் கலியம்மாள் மட்டும் மேட்டில் இருந்தாள்.

"இந்த மேடு யாருதும்மா?" என்று கேட்டார் மரியதாஸ்.

"கன்னியாத்தாளுது சாமி."

"அது கெடக்கட்டும். ஒங்களுதா, இல்லியா? அத சொல்லு."

"ஐய, எங்களுது இல்ல சாமி!" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

மரியதாஸ் கெட்டவர் இல்லை. பேனாவை நிறுத்தினார். "நல்லா ரோசன பண்ணிச் சொல்லும்மா. சர்க்கார் காயிதம் இது."

"இதுல ரோசனைக்கு இன்னா கீது? நூறு வாட்டி கேளு, எங்களுது இல்லதான். எங்களுதுன்னு சொன்னா நாக்கு அழுவிப்பூடும்."

எழுதிக்கொண்டார். அவள் மை தொட்டுப் பெருவிரலை வைத்தாள். அது போதாதென்று, வெயிலில் வந்த மனுஷனாச்சே என்று ஊற்றுத் தண்ணீர் வேறு மொண்டு கொடுத்தாள். சாயங்காலம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். "கன்னிய வுட்டுக்குடுக்காம பேசுன பாரு, நீதான்டி ஆளு" என்று செல்லக்கண்ணு சிரித்தான்.

மறுவருஷம் ஆனியில், ஊர்ப் பண்ணைக்காரர் சிவப்பிரகாசத்தின் ஆட்கள் கரும்பு போட ஏரோடு வந்து நின்றார்கள். கூடவே மரியதாஸ், கையில் காகிதம். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று மனுப் போட்டுப் பண்ணைக்காரர் வாங்கிவிட்டாராம். மூன்று நாளில் குடிசைகளைப் பிரிக்க வேண்டுமாம்.

"யாருக்கும் சொந்தமில்லியா? அப்ப நாங்க இன்னா, ஆளு இல்லியா?" ஒரு குமாஸ்தா முன்னால் செல்லக்கண்ணு வாய் திறந்தது அன்றுதான்.

"ஒங்கள்ல ஒருத்திதான்பா எங்களுது இல்லன்னு கைநாட்டு வச்சிருக்கா."

"யாரு அவ?"

மரியதாஸ் பெயரைப் படிக்கவில்லை. கலியம்மாளைப் பார்த்தார். பதினோரு குடும்பமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"கன்னியாத்தாளுதுன்னு சொன்னேனே சாமி! மொதல்ல அதத்தான சொன்னேன்? அத எழுதலியா நீ?"

"சொந்தக்காரன் கட்டத்துல ஆளு பேரும் அப்பன் பேரும் எழுதணும்மா. சாமிக்கு அப்பன் பேரு இன்னான்னு எழுதுவேன்?"

கலியம்மாள் கல் இருக்கிற பக்கம் திரும்பாமலே ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுது சாமி. எழுதிக்க. எங்க பாட்டன் பூட்டன் கெடக்கிற மண்ணு. எம் பொண்ணு கெடக்கறா அங்க. எங்களுதுதான், எங்களுது!"

பின்னால் பெண்கள், "ஐயோ கன்னி!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் மரியதாஸ். அவர் கண் கலங்கியது. கலங்கி யாருக்கு என்ன லாபம்? ஆட்சேபம் சொல்லத் தவணை மாசியோடு முடிந்துவிட்டது. தவணை என்று ஒன்று இருப்பதை எந்தப் புண்ணியவான் மேடேறி வந்து சொன்னான்?

மூன்றாம் நாள் ஏழு கல்லையும் கூடையில் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார்கள். புதைத்தவர்களை எடுத்துக்கொண்டு போக முடியுமா? கூடையைத் தொடக் கலியம்மாளை யாரும் விடவில்லை. செல்லக்கண்ணு மட்டும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த தையில், யாருடைய வரப்பிலோ தோண்டிய வளையில் முதல் நெல் கிடைத்தது அவளுக்குத்தான். கொண்டுவந்து கல்லின் முன்னால் வைத்தாள். "ஒன்னுது தாயி" என்றாள். மீதி வார்த்தை வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள், குழந்தைகளுக்குப் பசி.

"எங்களுது இல்ல."

சொல்லிவிட்டு அப்படியே குப்புற விழுந்து மண்ணில் தலையை முட்டிக்கொண்டாள்.

"ஒரு பேச்சுக்குத்தான தாயி சொல்லிக்கினு இருந்தோம்? நீயுமா அத எழுதி வச்சிக்கின?"