ஆசிரியர் அறியப்படவில்லை

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, சபை மூப்பர் ஒருவரின் அடக்க ஆராதனைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சாயர்புரத்திலிருந்து என் தங்கை ஜோஸ்லின் போன் செய்துவிட்டாள்.

"யக்கா, நம்ம ஜெனி பாட்டு ஆரம்பிச்சதும் படமே நின்னுட்டு. என்னமோ காப்பிரைட்டுன்னு இங்கிலீஷ்ல எழுதி வருது. அங்க யாரும் எதையும் அமுக்கிட்டாகளா?"

யார் எதை அமுக்குவார்கள்? எங்கள் சபைக்குச் சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. டெல்லியில் கோல் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய ஆலயத்தில், இந்தி ஆராதனைக்காரர்கள் எழுந்து போன பிறகு, அவர்கள் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் நாங்கள் போய் உட்காருகிறவர்கள். ஊரில் இருக்கிற சொந்தபந்தம் பார்க்கட்டும் என்று பத்து வருடமாக யூடியூபில் ஆராதனையை நேரலையாகப் போடுகிறோம். இடுப்பு உடைந்து கட்டிலோடு கிடக்கிற ஜோஸ்லினுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான்.

ஜெனி என் மகள். தொண்ணூற்றெட்டு அக்டோபரில் காய்ச்சல் வந்து, ஆறாம் நாள் போய்விட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. நான் ஷிப்டுக்குப் போகும்போதெல்லாம் அவளைத் தூக்கி வைத்திருந்தவள், அந்தக் காலத்தில் எங்களோடு டெல்லியில் இருந்த ஜோஸ்லின்தான். நான் நர்ஸ். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டுக் காய்ச்சல் இறக்கியவள். என் பிள்ளைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை நான் இன்றுவரை யாருக்கும் மன்னிக்கவில்லை, கர்த்தருக்கும் சேர்த்துத்தான்.

என் வீட்டுக்காரர் ஜெபதுரை மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீஸராக ரிட்டயர் ஆனவர். பிள்ளையை அடக்கம் செய்த மறுநாள், பையில் கிடந்த ஆபீஸ் தாள் ஒன்றை எடுத்து ஒரு பாட்டு எழுதினார். ராகமும் அவரே போட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் பாட்டு எழுதியதில்லை.

"பனி விழும் இரவும் ஒருநாள் முடியும், ஜெனி எழும் காலை வரும்" என்று அது தொடங்கும்.

சபையில் அதைப் பாடினோம். பிறகு யார் வீட்டில் துக்கம் என்றாலும் அதைத்தான் பாடினார்கள். 2009இல் சபையின் வெள்ளி விழாவுக்குப் பாட்டுப் புத்தகம் போட்டபோது, எல்லோரும் பாடத் தோதாக இருக்கட்டும் என்று அவரே 'ஜெனி'யை எடுத்துவிட்டு 'நான் எழும் காலை வரும்' என்று போட்டார். எனக்குச் சம்மதம் இல்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதற்காகச் சபையில் ஒரு வழக்கம் வைத்தார்கள். வருடம் முழுக்கப் புத்தகத்தில் உள்ளபடி 'நான்'. அக்டோபரில் எங்கள் நினைவுநாள் ஞாயிறு அன்று மட்டும், சபை முழுக்க எழுந்து நின்று 'ஜெனி'. வருடத்தில் அந்த ஒரு நாள் நூறு பேர் என் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் வருடம் முழுக்க உயிரோடு இருந்தது அதற்காகத்தான் என்று சொன்னால் மிகையாகத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

செப்டம்பரில் இன்னொரு அடக்கத்திலும் நேரலை நின்றது. அதற்கடுத்த ஞாயிறு, போதகர் பெலிக்ஸ் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். சென்னையில் கிளமெண்ட் என்று ஒரு பாடகர் நம் பாட்டைப் புத்தகத்தில் உள்ளபடி 'நான்' என்றே பாடிப் பதிவு செய்திருக்கிறார். கோடிப் பேர் கேட்டிருக்கிறார்கள். பாட்டும் ராகமும் அவருடையது என்று அவருடைய கம்பெனி உரிமை கோரியிருக்கிறது.

"ரெண்டு எச்சரிக்கை வந்தாச்சும்மா. மூணாவது வந்தா சேனலையே எடுத்துருவாங்க. பத்து வருஷத்து ஆராதனை எல்லாம் போயிரும். அக்டோபர்ல வேற பாட்டு எடுத்துக்கலாமா?"

"அது எங்க வீட்டுப் பாட்டு ஐயா. எங்க பாட்டைப் பாட நாங்க யார்கிட்ட கேக்கணும்?" என்றேன். சத்தமாகத்தான் கேட்டேன். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபதுரை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த கல்யாணராமனின் மகள் ஸ்ம்ருதி வக்கீல். இந்த மாதிரி வழக்குகள்தான் அவள் வேலை. சனிக்கிழமை வீட்டுக்கே வந்தாள். எங்கள் ஜெனியோடு விளையாடிய பெண். அவளுக்கு நரைக்கத் தொடங்கிவிட்டது. அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது, பொறாமைதான்.

"இதைப் போய் நாங்க ரெஜிஸ்டரே பண்ணலையேம்மா" என்று நான் ஆரம்பித்தேன்.

"தேவையே இல்ல ஆன்ட்டி. எல்லாரும் இதைத்தான் கேக்கறா. எழுதின நிமிஷமே அது அங்கிளோடது. ரெஜிஸ்டர் பண்ணினா ப்ரூஃப்க்கு ஈஸி, அவ்ளோதான். அவர் இருக்கற வரைக்கும், அப்புறம் இன்னும் அறுபது வருஷம் அது அவரோடது."

எனக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பில்டர் காபி கலந்து, முறுக்கை எடுத்து வைத்தேன்.

"எழுதுன தாள் கவர்மென்ட் தாள்" என்றார் ஜெபதுரை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் குரலில். "பச்சைக் கலர்ல, ஃபைல்ல நோட் எழுதுற தாள்."

"அதனால என்ன அங்கிள்? ஆபீஸ் வேலையாவா எழுதினேள்? பேப்பர் அவாளோடது, பாட்டு உங்களோடது. அந்தப் பேப்பர் இருக்கா?"

"இல்ல. சொந்தக் காரியத்துக்கு அரசாங்கத் தாளை எடுத்தது தப்புன்னு, நோட்டுல காப்பி எடுத்துட்டுக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"நோட்டுல தேதி?"

"போடல."

பாருங்கள். ஊரில் அவனவன் ஆபீஸ் நாற்காலியையே வீட்டுக்குக் கொண்டு போகிறான். எனக்கு வாய்த்தவர் ஒற்றைத் தாளுக்கு மனசாட்சி பார்த்திருக்கிறார்.

"ஜானே தோ, போனா போகட்டும். ப்ரிண்ட்ல வந்த புக் இருக்கே, அது கிளமெண்டுக்கு ரொம்ப முன்னாடி. அதுல அங்கிள் பேர் இருந்தா போறும். யார் பேர் போட்டிருக்கோ அவர்தான் எழுதினவர்னு கோர்ட் எடுத்துக்கும். இல்லன்னு ப்ரூவ் பண்ண வேண்டியது அவா பாடு."

நான் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தேன். ஸ்ம்ருதி டெல்லியில் பிறந்து டெல்லியில் படித்தவள். தமிழ் பேசுவாள், ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. பக்கங்களைப் புரட்டிவிட்டு, "நீங்களே படிச்சுச் சொல்லுங்கோ அங்கிள்" என்று அவரிடமே கொடுத்துவிட்டாள்.

பாட்டுக்குக் கீழே பெயர் எதுவும் இல்லை. யார் எழுதியது என்பதெல்லாம் புத்தகக் கடைசியில், அட்டவணையில், பொடி எழுத்தில் இருந்தது. பதினைந்து வருடத்தில் நான் அந்தப் பக்கத்தைத் திருப்பியதே இல்லை. எங்களுக்குத் தெரிந்ததைப் போய் யார் அட்டவணையில் பார்ப்பார்கள்? அவர் அந்தப் பக்கத்தை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். வாசிக்கவில்லை. நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

'74. பனி விழும் இரவும் – பழைய பாடல், ஆசிரியர் அறியப்படவில்லை.' பக்கத்தின் அடியில், 'தொகுத்துச் சரிபார்த்தவர்: த. ஜெபதுரை.'

எதிரே ஸ்ம்ருதி பேனாவோடு காத்திருந்தாள். அவளுக்கு அந்த வரி வெறும் கோடும் சுழியும்தான். 'என் பெயர் போட்டிருக்கிறது' என்று அவர் ஒரு பொய் சொன்னால் போதும், அவள் எழுதிக்கொண்டு போயிருப்பாள். பின்னால் எப்படியும் வெளிவரும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று அவர் தோளை அழுத்தினேன்.

அவர் உள்ளது உள்ளபடி வாசித்தார். தன் பெயரையும் சேர்த்து வாசித்தார்.

ஸ்ம்ருதி பேனாவை மூடினாள். "அங்கிள், இந்தக் குறிப்பு நீங்களே எழுதினதா?"

"ஆமா."

"ஏன் இப்படிப் போட்டீங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"பிள்ளை செத்ததுல பேர் வாங்குனான்னு ஒருத்தர் சொல்லிரக் கூடாதுன்னு நெனச்சேன், புஷ்பம். ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம் டிராஃப்ட் எழுதுனேன். எதுலயும் என் பேர் வந்ததில்ல. அது எனக்குப் பழக்கம். இதுல பேரைப் போடக் கை வரல."

ஸ்ம்ருதி நல்ல பெண். வழக்குப் போடலாம் என்றாள். உரிமை இன்னும் அவருடையதுதான், ஆனால் அவர் கையால் அச்சிட்டதையே அவர் பொய் என்று நிரூபிக்க வேண்டும். சபை எழுதிக் கொடுத்து, பழைய ஆட்கள் சாட்சி சொன்னால் பார்க்கலாம், வருடக்கணக்கில் ஆகும் என்றாள். சபைக் கமிட்டியில் கேட்டோம். தாங்கள் வெளியிட்ட புத்தகம் தப்பு என்று தாங்களே எழுதிக் கொடுக்க அவர்கள் தயங்கினார்கள். பழைய ஆட்களில் முக்கால்வாசிப் பேரை அந்தப் பாட்டைப் பாடித்தான் அடக்கம் செய்திருந்தோம்.

அக்டோபர் வந்தது. போதகர் ஒரு வழி சொன்னார். அந்த ஐந்து நிமிடம் மட்டும் நேரலையை நிறுத்திவிட்டு நாங்கள் பாடிக்கொள்ளலாம்.

"கள்ளச் சரக்கு மாதிரி ஒளிச்சு வச்சா என் பிள்ளை பாட்டைப் பாடணும்? ஜோஸ்லின் பார்க்காம பாடணுமா? அப்படி ஒரு பாட்டு எனக்கு வேண்டாம்" என்று கத்திவிட்டு வந்தேன். அன்றைக்கு என் வாயை அடக்கியிருந்தால் போதும். என் கோபம் இதுவரை எனக்கு ஒரு நன்மையும் செய்ததில்லை, அன்றைக்கு மட்டும் செய்யுமா?

ஏனென்றால், அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜெபதுரை எனக்குத் தெரியாமல் கம்பெனிக்கு எழுதினார். அவர்கள் பெருந்தன்மையாக அனுமதி தந்தார்கள். நினைவுநாளுக்கு முந்தின நாள் கடிதத்தை என் முன்னால் வைத்தார்.

"இனிமே நேரலைலயே பாடலாம், புஷ்பம். ஜோஸ்லினும் பார்ப்பா."

வாசித்தேன். எங்கள் சபை அந்தப் பாட்டைப் பாடவும் ஒளிபரப்பவும் தடையில்லை. ஆனால் பதிவில் உள்ள வரிகளை எவ்விதத்திலும் மாற்றக் கூடாது. அடியில் இணைப்பு என்று இன்னொரு தாள். 'மேற்படிப் பாடலின் வரிகளிலோ இசையிலோ எனக்கு எவ்வித உரிமையும் இல்லை என்று உறுதியளிக்கிறேன்.' அதன் கீழே அவருடைய அழகான கையெழுத்து, தேதியோடு. இந்த முறை தேதி போட்டிருந்தார்.

"வரியை மாத்தக் கூடாதாமே. அப்ப ஜெனி?" என்றேன்.

நான் பாடுவதற்கு ஓர் அனுமதி வாங்கி வர வேண்டும் என்பது மட்டும்தான் அவர் மனதில் இருந்திருக்கிறது. கடிதத்தைக் கிழித்து எறியக்கூட எனக்குத் தெம்பில்லை. மடித்து அவரிடமே கொடுத்தேன்.

ஞாயிறு அன்று போதகர் எங்கள் பெயரைச் சொன்னதும் சபை எழுந்து நின்றது. திரையில் வரிகள் ஓடின. 'பனி விழும் இரவும் ஒருநாள் முடியும், நான் எழும் காலை வரும்.' கம்பெனிக் கடிதத்தைப் போதகர் பாடகர் குழுவுக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டியிருந்தார். நூறு பேரும் 'நான்' என்றார்கள். கேமராவின் சிவப்புப் புள்ளி எங்களைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

நான் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் ஜெபதுரை பாடிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் ஓட, கடிதத்தில் கண்ட நிபந்தனைப்படி, ஒவ்வொரு தடவையும் தெளிவாக 'நான்' என்றே பாடினார். என் வாய்க்குள் இருந்த பெயர் வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், ஆட்டோவில், ஜோஸ்லின் கூப்பிட்டாள்.

"யக்கா, இந்தத் தடவ ஒரு தடங்கலும் இல்ல. எல்லாம் தெளிவா கேட்டுச்சு" என்றாள். பிறகு, "பிள்ளை பேரை மட்டும் ஏன்க்கா யாரும் சொல்லல?" என்று கேட்டாள்.